கறிக்காக இரண்டு வெண்பன்றி வளர்க்கத் தோட்டம் போதுமா?

திருமங்கலம் பக்கம் 40 சென்ட் தோட்டம் இருக்கிறது, வீட்டுக் கறிக்கு இரண்டு பன்றி வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இடம் தாராளமாகப் போதும். ஊராட்சியிலும் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் முதலில் பேசிவிடுங்கள். பால் மறந்த எட்டு வார வெண்பன்றிக் குட்டிகளாக இரண்டு வாங்குங்கள், ஒற்றையாக வேண்டாம். ஆண் குட்டி என்றால் காயடித்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் கறியில் வாடை அடிக்கும்.

நம் ஊரில் பெரிய எதிரி வெயில்தான். பன்றிக்கு மாடு போல வியர்த்து உடம்பு குளிராது. சித்திரை மதியத்தில் மூச்சிரைத்துப் படுத்துவிட்டால் எழுப்புவது கஷ்டம். வேப்பமர நிழலில் கீற்றுக் கொட்டகை, புரள ஒரு சேற்றுக் குழி, எந்நேரமும் குடிதண்ணீர், இந்த மூன்றிலும் கஞ்சத்தனம் வேண்டாம். வேலியின் அடிப்பக்கம் உறுதியாக இருக்கட்டும், மூக்கால் தோண்டி வாழைக்கன்றைச் சாய்த்துவிடும்.

தவிடு, புண்ணாக்கு, கீரைத்தண்டு எல்லாம் தின்னும். ஹோட்டல் மிச்சம் கொடுத்தால் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும். 2020-இல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் எச்சில் தீனி வழியாகவும் பரவும், அதற்கு இங்கே தடுப்பூசி இல்லை. பன்றிகளுக்கு வரும் வேறொரு நோயான சாதாரணப் பன்றிக் காய்ச்சலுக்கு ஊசி உண்டு, கால்நடை மருத்துவரிடம் போட்டுவிடுங்கள். அப்புறம், வெளியே மேய விடவே கூடாது. மனித மலத்தைத் தின்றால் நாடாப்புழுவின் கட்டிகள் கறிக்குள் வந்துவிடும். ஊரில் பன்றிக்கறி மேல் இருக்கும் பயத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

நல்ல தீனி கொடுத்தால் எட்டு, ஒன்பது மாதத்தில் 80 கிலோ வாக்கில் நிற்கும். ஒரு வீட்டுக்கு அது மிக அதிகம், கறியைப் பங்கு போட்டுக்கொள்ள உறவுக்காரர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.