இரு மாநிலத்தில் இரு வழக்கு: எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே சங்கதிதான். கணவர் ஒரு மாநிலத்தில் மனு போட்டிருக்கிறார், மனைவி இன்னொரு மாநிலத்தில். சிலர் மனு நகலையே இணைத்து அனுப்பியிருக்கிறார்கள், நன்றி. சிலர் எந்தத் தேதி, எந்தப் பிரிவு என்று எதுவும் சொல்லாமல் "யார் ஜெயிப்பார்?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஜோசியரைத்தான் பார்க்க வேண்டும்.

கணவர் மார்ச்சில் பெங்களூரில் விவாகரத்து மனு போட்டார். நான் ஜூனில் திருநெல்வேலியில் போட்டேன். முதலில் போட்டவர் ஊரில்தான் வழக்கு நடக்குமா?

சட்டத்தின் எழுத்துப்படி ஆமாம். நடைமுறையில் பல வழக்குகளில் இல்லை.

இருவரும் விவாகரத்தோ நீதிமன்றப் பிரிவோ (விவாகரத்து இல்லாமல் பிரிந்து வாழ உத்தரவு) கேட்டு வெவ்வேறு கோர்ட்டில் மனு போட்டால், பின்னால் வந்த மனு முன்னால் வந்த மனு இருக்கும் கோர்ட்டுக்குப் போக வேண்டும், இரண்டும் சேர்த்து விசாரிக்கப்பட வேண்டும் என்கிறது இந்து திருமணச் சட்டம் 21ஏ. 1976இல் சேர்த்த பிரிவு இது. வேறு மாநிலமானாலும் இதே விதிதான். ஆனால் அது உச்ச நீதிமன்றத்தின் கையைக் கட்டிப்போடவில்லை. சிவில் நடைமுறைச் சட்டம் 25இன் கீழ், நீதியின் நலனுக்குத் தேவையென்று பட்டால் முன்னால் போட்ட வழக்கையே பின்னால் போட்டவர் ஊருக்கு அனுப்பலாம். 25இன் அதிகாரத்தை 21ஏ தடுக்காது என்று 1981இல் குடா விஜயலட்சுமி வழக்கில் முடிவானது. அதில் கணவர் உதய்ப்பூரில் தொடுத்த விவாகரத்து வழக்கு, மனைவி ஜீவனாம்சம் கேட்டிருந்த ஏலூருக்குப் போனது.

நீங்கள் போட வேண்டியது 25இன் கீழ் டிரான்ஸ்ஃபர் மனு. அதோடு ஒன்று: 'முன்னால்' என்பது மனு தாக்கலான தேதி, சம்மன் உங்கள் கைக்கு வந்த தேதி அல்ல. இ-கோர்ட்ஸ் தளத்தில் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்) போட்டுச் சரிபாருங்கள். அதுவரை பெங்களூர் வாய்தாவைத் தவறவிடாதீர்கள்.

கல்யாணம் மதுரையில். சென்னையில் நான்கு வருடம் குடித்தனம். மனைவி இப்போது மதுரையில் பெற்றோர் வீட்டில். நான் ஹைதராபாத் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, வாடகை ஒப்பந்தமும் இருக்கிறது. இங்கேயே மனு போடலாம் என்கிறார் நண்பர்.

கூண்டில் ஏறப்போவது நண்பர் இல்லை, நீங்கள்.

இந்து திருமணச் சட்டம் பிரிவு 19ஐ ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள். கல்யாணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம். இந்த மூன்றும் இருவருக்கும் பொது. மனைவி மனுதாரர் என்றால் அவர் வசிக்கும் இடமும் உண்டு, 2003 திருத்தம் தந்த சலுகை அது. கணவர் தான் வசிக்கும் ஊரிலேயே போட வேண்டுமானால், மனைவி இச்சட்டம் செல்லும் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும், அல்லது ஏழு வருடமாக உயிரோடு இருக்கிறார் என்ற தகவலே இல்லாமல் இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் இல்லை. உங்களுக்கு இருப்பது மதுரை அல்லது சென்னை. ஹைதராபாத் கிடையாது.

உங்கள் கடிதத்தின் கடைசி வரி இன்னும் மோசம்: "ஹைதராபாத்தில்தான் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்தோம் என்று எழுதிவிடலாமாம்." இந்த வியாதி இப்போது ஊரெங்கும் பரவியிருக்கிறது. மனைவி இரண்டு நாள் வந்து தங்கியதைக் குடித்தனம் என்பது, பழைய தேதியில் வாடகை ஒப்பந்தம் தயார் செய்வது, வீட்டுக்காரரிடம் கடிதம் வாங்குவது. எதிர்த்தரப்பு என்ன செய்யும் தெரியுமா? குழந்தையின் பள்ளி வருகைப் பதிவேடு, மனைவியின் அலுவலக வருகைப் பதிவு, கேஸ் இணைப்பு, வங்கிக் கணக்கில் தினசரி யுபிஐ செலவு எந்த ஊரில் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும். குறுக்கு விசாரணையில் வீட்டுக்காரரையும் கூப்பிடும். மளிகைக் கடை யுபிஐ ஒன்று போதும், ஒப்பந்தப் பத்திரம் பல்லிளிக்க.

அதன் பிறகு? அதிகார வரம்பு இல்லை என்று மனு திருப்பித் தரப்படும். சரியான கோர்ட்டில் முதலிலிருந்து தொடங்க வேண்டும், வருடம் ஒன்றோ இரண்டோ போயிருக்கும். பொய்ப் பிரமாண வாக்குமூலத்துக்காக பிஎன்எஸ்எஸ் (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 379இன் கீழ் மனு வந்தால் அது தனித் தலைவலி. எல்லாவற்றையும்விட, முதல் பத்தியிலேயே பொய் என்று நீதிபதி மனதில் பதிந்துவிட்டால், நீங்கள் சொல்லும் கொடுமைப் புகாரில் உண்மையே இருந்தாலும் எடுபடாது.

பெண்களும் இதற்கு விலக்கில்லை. புனேயில் வேலை பார்த்துக்கொண்டு, சென்னை மாமா வீட்டு முகவரியைப் போட்டு மனு போடும் கதையும் இந்தக் கடிதக் கட்டில் இருக்கிறது. மனு போடும் தேதியில் உண்மையாக அங்கே வசிக்க வேண்டும்.

இப்படிப் பொய் முகவரி மனு ஒன்று உங்கள் மேல் வந்தால் பதில் மனுவிலேயே, முதல் பத்தியிலேயே ஆட்சேபணை எழுதுங்கள். எழுவினாக்கள் (கோர்ட் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்) வகுத்த பிறகு எழுப்பினால் சிவில் நடைமுறைச் சட்டம் 21 குறுக்கே நிற்கும்.

கல்யாணம் திருப்பதியில், வரவேற்பும் பதிவும் சென்னையில். 'நடந்த இடம்' எது?

திருப்பதி. வரவேற்பு சாப்பாட்டுக்கு, பதிவு சான்றுக்கு.

உச்ச நீதிமன்றத்தில் டிரான்ஸ்ஃபர் மனு போட்டு எண்ணும் ஆகிவிட்டது. இனி கொச்சி கோர்ட்டுக்குப் போக வேண்டாம்தானே?

வேண்டும்! எத்தனை முறை எழுதுவது? மனு போட்டால் தடை வந்துவிடாது. நோட்டீஸ் அனுப்பும்போது இடைக்காலத் தடை கொடுத்திருக்கிறார்களா என்று உத்தரவைப் படியுங்கள். தடை இருந்தால் அதன் நகலை உங்கள் வக்கீல் மூலம் கொச்சி கோர்ட்டில் மெமோவோடு தாக்கல் செய்யுங்கள். தடை இல்லையென்றால் வக்கீலை வைத்து ஒவ்வொரு வாய்தாவிலும் ஆஜராகி, டிரான்ஸ்ஃபர் மனு நிலுவையில் இருப்பதைப் பதிவு செய்து அவகாசம் கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் இல்லாமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வரும், மாற்றுவதற்கு அங்கே வழக்கே இருக்காது. அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். சம்மன் முறையாக உங்களிடம் சேராவிட்டால் மட்டும், தெரிந்த நாளிலிருந்து 30 நாள்.

ஹைதராபாத் வழக்கைச் சென்னைக்கு மாற்ற சென்னை உயர் நீதிமன்றம் போதாதா? டெல்லி ரொம்பத் தூரம்.

போதாது. மாநிலத்துக்குள் மாற்றத்தான் உயர் நீதிமன்றம், சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 24. மாநிலம் விட்டு மாநிலம் என்றால் உச்ச நீதிமன்றம் மட்டுமே என்று 2008இல் துர்கேஷ் சர்மா வழக்கில் முடிவாகிவிட்டது. 2019 முதல் இந்த மனுக்களை ஒற்றை நீதிபதியே விசாரிக்கலாம். அட்வகேட்-ஆன்-ரெக்கார்ட் (உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்யப் பதிவு பெற்ற வக்கீல்) மூலம் தாக்கலாக வேண்டும். கட்டணம் கட்ட வழியில்லாத பெண்கள் உச்ச நீதிமன்ற சட்டப் பணிகள் குழுவுக்கு எழுதுங்கள், பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை.

டிரான்ஸ்ஃபர் மனுவுக்கு என்னென்ன கொடுக்க வேண்டும்? "கஷ்டமாக இருக்கிறது" என்று எழுதினால் போதும் என்கிறார்கள்.

எல்லோருக்கும் கஷ்டம்தான். கணக்காக எழுதுங்கள். எத்தனை கிலோமீட்டர், ரயிலில் எத்தனை மணி நேரம், துணைக்கு யார் வருவார், ஒரு வாய்தாவுக்கு எவ்வளவு செலவு, உங்கள் சம்பளம் எவ்வளவு. குழந்தையின் பிறப்புச் சான்று, பள்ளி அடையாள அட்டை. பெற்றோருக்கு நோயென்றால் மருத்துவமனைக் குறிப்பு. அந்த ஊர் மொழி தெரியாது என்றால் அதையும் சொல்லுங்கள். மிரட்டல் இருக்கிறது என்றால் புகார் நகலோ, போலீஸ் தரும் சிஎஸ்ஆர் ரசீதோ வேண்டும், வெறும் வார்த்தை நிற்காது. உங்கள் ஊரில் ஏற்கெனவே ஜீவனாம்ச வழக்கோ குடும்ப வன்முறை வழக்கோ இருந்தால் அதன் நகல் கட்டாயம். கணவர் எப்படியும் அதற்காக அங்கே வரத்தான் வேண்டும் என்ற வாதம் கனமானது. தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணையுங்கள்.

சாட்சி விசாரணை முடிந்து வாதம் வரை போன வழக்கை மாற்றக் கேட்டால் தாமதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சம்மன் வந்த மாதமே கிளம்புங்கள்.

எப்போதும் மனைவி பக்கம்தானா? எனக்கும் படுத்த படுக்கையாக அம்மா இருக்கிறார்.

பொதுவாக மனைவியின் வசதியையே பார்க்க வேண்டும் என்று 2022இல், வேலூரிலிருந்து சென்னைக்கு மாற்றக் கேட்ட ஐஸ்வர்யா வழக்கில்கூட உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பு இருவரின் பொருளாதார நிலையையும் வாழ்க்கைத் தரத்தையும் பார்க்கச் சொல்கிறது. 2006 அனிந்திதா தாஸ் வழக்கில், இந்தச் சலுகை தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி மனைவியின் மனுவைத் தள்ளினார்கள், அவருடைய பயணச் செலவைக் கணவர் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. உங்களுக்கான வழி அதுதான். எதிர் மனுவில் அம்மாவின் மருத்துவ ஆவணத்தை வையுங்கள், ஒவ்வொரு வாய்தாவுக்கும் மனைவிக்கும் துணைக்கும் பயணம், தங்கும் செலவு தருகிறேன் என்று தொகையோடு எழுதுங்கள்.

காணொளியில் ஆஜராகலாமே, எதற்கு மாற்ற வேண்டும்?

2017 மார்ச்சில் கிருஷ்ணவேணி நாகம் வழக்கு அந்த வழியைத் திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சாந்தினி வழக்கில் மூன்று நீதிபதிகள், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அதை மூடினார்கள்: சமரசம் தோற்ற பிறகு, இருவரும் சேர்ந்து கேட்டால் குடும்ப நல நீதிமன்றம் அனுமதிக்கலாம், டிரான்ஸ்ஃபர் மனுவில் உத்தரவிட முடியாது என்று. கொரோனாவுக்குப் பிறகு உயர் நீதிமன்றங்கள் காணொளி விதிகள் கொண்டுவந்து நிலைமை தளர்ந்திருக்கிறது. உங்கள் கோர்ட்டில் மனுப் போட்டுக் கேளுங்கள், உத்தரவு வரும்வரை நேரில் போங்கள்.

கணவர் விவாகரத்து கேட்கவில்லை, சேர்ந்து வாழக் கோரி பிரிவு 9 மனு போட்டிருக்கிறார், புனேயில். நான் கோவையில் விவாகரத்து. 21ஏ வருமா?

வராது. அது விவாகரத்துக்கும் நீதிமன்றப் பிரிவுக்கும்தான். சிவில் நடைமுறைச் சட்டம் 25 வரும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். நான் இருக்கும் ஊரில் போடலாமா?

உங்களுக்கான 1869 விவாகரத்துச் சட்டத்தில் மனைவி தனியே வசிக்கும் ஊர் என்ற வாசல் இல்லை. கல்யாணம் நடந்த இடம், இருவரும் வசிக்கும் அல்லது கடைசியாகச் சேர்ந்து வசித்த இடம், அவ்வளவே. சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்திருந்தால் பிரிவு 31 அந்த வாசலைத் தருகிறது.

மனைவி கலிஃபோர்னியாவில், நான் டெக்சாஸில். இருவருமே மனு போட்டிருக்கிறோம்.

இரண்டு மாநிலத்திலுமே ஆறு மாதம் வசித்திருக்க வேண்டும். அதற்கு மேல் கலிஃபோர்னியாவில் அந்தக் கவுன்டியில் மூன்று மாதம், டெக்சாஸில் 90 நாள். இருவருக்கும் தகுதி இருந்தால் முதலில் போட்ட கோர்ட்தான் பெரும்பாலும் தொடரும். ஆனால் குழந்தை விஷயத்தில் இந்த ஓட்டப்பந்தயம் செல்லாது, குழந்தை கடைசி ஆறு மாதம் எங்கே வாழ்ந்ததோ அந்த மாநிலம்தான். உங்கள் கல்யாணம் இந்து முறையில் இந்தியாவில் நடந்திருந்தால் 1991 நரசிம்ம ராவ் தீர்ப்பையும் வக்கீலிடம் கேளுங்கள். எதிர்த்தரப்பு கலந்துகொள்ளாமல், இந்தியச் சட்டத்தில் இல்லாத காரணத்தில் வாங்கிய அமெரிக்கத் தீர்ப்பு இங்கே செல்லாது.

டிரான்ஸ்ஃபர் மனு நடக்கும்போதே பேசித் தீர்த்துவிட்டோம். எங்கே போவது?

எங்கும் போக வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றமே சமரச மையத்துக்கு அனுப்பும், ஒப்பந்தம் கையெழுத்தானால் அரசியல் சாசனம் 142இன் கீழ் அங்கேயே விவாகரத்து கேட்கலாம். ஒப்பந்தத்தில் எல்லா வழக்கு எண்களும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றை விட்டாலும் அது தனியாக ஓடும்.

விவாகரத்து வழக்கு சென்னைக்கு மாறினால் கணவர் ஊரில் இருக்கும் கிரிமினல் வழக்கும் கூடவே வருமா?

வராது. அதற்கு பிஎன்எஸ்எஸ் 446இல் தனி மனு.