அநுரவும் ஏழு பேர்ச் காணியும்

அன்புள்ள ஐயா,

இலங்கை அதிபர் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க வென்றபோது நீங்கள் எழுதிய கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் வாசித்தோம். மலையகத் தமிழரை, அதாவது அங்கே தேயிலைத் தோட்டங்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழரை, சக குடிமக்களாகப் பார்க்கும் ஒருவர் கொழும்பில் பதவிக்கு வந்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அன்று தொடங்கிய சண்டை எங்கள் குடும்பத்தில் இன்னும் ஓயவில்லை.

பெரியப்பா சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர், தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழகமான டான்டீயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அநுரவைப் பற்றி ஒரு சொல் குறைவாகப் பேச விடமாட்டார். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருக்கும் அத்தை மகன் தொலைபேசியில் கத்துகிறான்: “நீங்கள் அங்கே உட்கார்ந்து கைதட்டுகிறீர்கள், இங்கே லயத்துக் கூரை ஒழுகுகிறது.” (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு.) உள்ளூராட்சித் தேர்தலிலேயே அநுரவின் கட்சி சரிந்துவிட்டது, அடுத்த தேர்தலோடு முடிந்தது என்பது அவன் வாதம். எதிரில் நிற்க ஆளே இல்லை, 2029-லும் அவர்தான் என்பது பெரியப்பாவின் வாதம். பொங்கலிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை.

நீங்கள் எழுதியதில் இன்னும் உறுதியாக இருக்கிறீர்களா? அந்தக் கட்சி தேறுமா? இந்தியக் குடிமக்களாகி இத்தனை காலம் ஆன பிறகு நாங்கள் இதற்காகச் சண்டை போடுவதில் பொருள் இருக்கிறதா?

ஒரு வாசகர், பந்தலூர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது என்னைச் சுட்டது. 1948-இல் ஒரு சட்டம் உங்கள் பெரியப்பாவின் பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் அவர்களைக் கேட்காமலே சாஸ்திரி, சிறிமாவோ என்ற இரண்டு பிரதமர்கள் ஒரு தாளில் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று குடும்பங்கள் உடைந்தன. அத்தை ஹட்டனில் இருக்கும்வரை ஹட்டன் உங்கள் விஷயம்தான். கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் இந்த உரிமை உள்ள குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பேசுங்கள், சண்டையும் போடுங்கள்.

ஆனால் எதைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள் என்று பாருங்கள். கட்சி தேறுமா, தேறாதா என்று இருவரும் மல்லுக்கட்டுகிறார்கள். கடிதத்தை மூன்று முறை படித்தேன். அநுர என்ன செய்தார் என்ற பேச்சு அதில் கூரை ஒழுகும் அந்த ஒரு வரியில் மட்டும்தான் இருக்கிறது.

தேர்தல் கணக்கை முடித்துவிடுவோம். 2024 செப்டம்பர் அதிபர் தேர்தலில் அநுர பெற்ற முதல் விருப்பு வாக்கு 42.31 சதவீதம். இரண்டே மாதத்தில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 61.56 சதவீத வாக்கும் 225-இல் 159 இடங்களும் பெற்றது. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் 43.26 சதவீதம். 61-ஐ மட்டும் பார்த்தால் இது வீழ்ச்சி. 42-ஐப் பார்த்தால், வெற்றியின் உற்சாகத்தில் வந்து சேர்ந்தவர்கள் விலகிப்போக, கட்சி தன் பழைய அளவுக்குத் திரும்பியிருக்கிறது. இரண்டாவதாக வந்த சஜித் பிரேமதாசவின் கட்சி 22 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 2018 உள்ளூராட்சித் தேர்தல் அப்படியல்ல. அப்போது ராஜபக்சக்களின் புதிய கட்சி பாதிக்கும் மேற்பட்ட சபைகளை அள்ளியது, மறு ஆண்டே கோட்டாபய அதிபரானார். இன்று அப்படி எழுந்து வரும் ஒரு கட்சி கண்ணில் படவில்லை. ஆகவே தேர்தல் கணக்கில் உங்கள் பெரியப்பா பக்கம்தான் வலு அதிகம்.

அதனால் அவர் வாதத்தில் வென்றுவிட்டாரா? இல்லை. 1977-இல் ஜெயவர்தன 168-இல் 140 இடங்களைப் பிடித்தார். அசைக்க முடியாத பெரும்பான்மை. அந்த ஆட்சியில்தான் 1983-இன் தமிழர் படுகொலை நடந்தது. 2020 ஆகஸ்டில் கோட்டாபயவின் கட்சிக்கு இருந்த எதிர்காலம் போல வேறு எவருக்கும் இருந்ததில்லை. 2022 ஜூலையில் அவர் நாட்டைவிட்டே ஓடினார். வெல்லும் வாய்ப்பு என்பது ஒரு தலைவர் மக்களுக்கு என்ன செய்தார் என்பதற்குச் சான்றாகாது. தோற்கும் வாய்ப்பும் அப்படியே.

இதை நமக்கு இலங்கையிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. நீலகிரி மக்களவைத் தொகுதியில் 1998-லும் 1999-லும் பாரதிய ஜனதா வென்றது. 2004-இல் காங்கிரஸ், 2009-இல் தி.மு.க., 2014-இல் அ.தி.மு.க., 2019-லும் 2024-லும் மீண்டும் தி.மு.க. நான்கு கட்சிகள் இந்த மலையில் வென்றுவிட்டன. பந்தலூரில் இருக்கும் உங்களுக்குத் தெரியும், 1969-ஆம் ஆண்டு கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களுக்கு இன்னும் முடிவு பிறக்கவில்லை. பட்டா இல்லை, பல வீடுகளுக்கு மின் இணைப்பு இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் நம் டீக்கடைகளில் யார் வெல்வார் என்று விடிய விடியப் பேசினோம். அந்தப் பேச்சில் பட்டாவைத் தொலைத்தோம். உங்கள் குடும்பம் ஹட்டனைப் பற்றியும் அதே பேச்சைப் பேசுவதுதான் எனக்கு வருத்தம்.

சரி, என்ன செய்திருக்கிறார்? எரிபொருளுக்கு நின்ற வரிசைகள் இப்போது இல்லை. 2022-இல் 70 சதவீதத்தைத் தொட்ட பணவீக்கம் அடங்கிவிட்டது. இதில் பாதிப் பெருமை முந்தைய அதிபர் ரணிலுக்குப் போக வேண்டும். பன்னாட்டு நிதியத்தோடு 2023-இல் அவர் செய்த ஏற்பாட்டைத்தான் அநுர தொடர்கிறார். முன்னாள் அதிபர்களின் சலுகைகளை 2025 செப்டம்பரில் சட்டம் கொண்டுவந்து நீக்கினார், அவர்களில் ஒருவரான மகிந்த ராஜபக்ச அரசு மாளிகையைவிட்டு வெளியேறினார். யாழ்ப்பாணத்தில் 34 ஆண்டுகள் மூடிக் கிடந்த அச்சுவேலி–பலாலிச் சாலையைத் திறந்தார். இவையெல்லாம் நல்ல காரியங்கள், மனமாரப் பாராட்டுகிறேன். மாகாண சபைத் தேர்தலை நடத்தாமல் இழுப்பதும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று சொல்லிவிட்டு அதையே பயன்படுத்துவதும் மோசமானவை. மூன்றில் இரண்டு பங்கு இடங்களை வைத்திருப்பவர் எதற்கும் சாக்குச் சொல்ல முடியாது.

உங்கள் அத்தை மகனுக்கு இவற்றைவிட முக்கியமானது வேறு. 2023-இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200-ஆவது ஆண்டில், தேசிய மக்கள் சக்தி ஹட்டன் பிரகடனம் என்ற ஒன்றை வெளியிட்டது. நிலம், வீடு, கூலி, கல்வி, சம உரிமை என்று மலையகத்தின் கோரிக்கைகளைத் தன் கோரிக்கைகளாக ஏற்றது. இதன் கனம் தெரிய வேண்டுமானால் தேசிய மக்கள் சக்தியின் தாய்க் கட்சியான ஜே.வி.பி.யின் பழைய வரலாறு தெரிய வேண்டும். அக்கட்சி தொடங்கிய காலத்தில் அதன் நிறுவனர் ரோகண விஜேவீர நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விரிவாக்கம் பற்றியது. தோட்டத் தமிழரை அந்த விரிவாக்கத்தின் கருவியாகப் பார்த்த வகுப்பு அது. அங்கிருந்து ஹட்டன் பிரகடனத்துக்கு ஒரு கட்சி வந்து சேர்ந்தது சாதாரண நகர்வு அல்ல. பதுளையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் மலையகப் பெண்கள் முதன்முறையாக நாடாளுமன்றத்துக்குப் போனதும் அந்தக் கட்சியால்தான். நான் அன்று எழுதியது இதை வைத்துத்தான். அதில் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன்.

ஆனால் அந்தப் பிரகடனம் ஒரு கடன் பத்திரம். கடனை எவ்வளவு அடைத்திருக்கிறார்?

கூலியில் கொஞ்சம் அடைத்திருக்கிறார். 1,350 இலங்கை ரூபாயாக இருந்த நாட்கூலி 2026 ஜனவரியிலிருந்து 1,550 ஆகியிருக்கிறது. மேலே 200 ரூபாய் வருகை ஊக்கத்தொகை, அதை அரசே தருகிறது. ஆக 1,750. ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை ஆண்டுகள் போராடினார்கள் என்று நினைத்தால் இது பெரிய தொகை. எனக்கு உறுத்துவது அந்த 200. தோட்டத்தில் லாபம் பார்ப்பது கம்பனி, கூலியில் ஒரு பங்கைத் தருவது மக்களின் வரிப்பணம். கம்பனியைக் கேட்க வேண்டிய இடத்தில் அரசு கருவூலத்தைத் திறந்துவிட்டது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி மட்டும் போடும் வழக்கமும் அப்படியே இருக்கிறது. அரைப் பேர் விழுந்தால் அறிவித்த தொகை கைக்கு வராது என்பது கொழுந்து பறித்த எல்லோருக்கும் தெரியும்.

நிலத்தில் அவர் அடைத்தது மிகவும் குறைவு. மலையகத்தின் கோரிக்கை பல காலமாகக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி, அதாவது வீட்டு நிலம். நம் கணக்கில் அது நாலரை சென்ட்கூட இல்லை. இதைக் கொடுக்க யாரிடமும் கையேந்த வேண்டாம். 1970-களின் நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் கம்பனிகளுக்குப் போனது குத்தகை மட்டும்தான், மண் இன்றும் அரசுடையது. 2017-இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் 10,000 வீடுகள் அறிவித்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 2025 அக்டோபரில், பண்டாரவளையில் விழா எடுத்து அந்தத் திட்டத்தில் ஏறத்தாழ 2,000 பேருக்கு ஆவணம் கொடுத்தார்கள். அது நிலத்துக்கான உறுதிப் பத்திரமா, வீடு வரும் என்ற சான்றா என்று அங்கேயே வாக்குவாதம் எழுந்தது. விழா முடிந்த அடுத்த மாதக் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுக்க 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டியிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் மலைகள் சரிந்தன. 2009 நவம்பரில் நம் மலை சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் போனபோது நாம் பட்டது நினைவிருக்கும். வீட்டை இழந்தவன் நிவாரணம் கேட்டுப் போனால், இந்த இடம் யார் பேரில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வியாக வரும். லயத்தில் நான்கு தலைமுறை வாழ்ந்தவனிடம் அதற்குப் பதில் இல்லை. காணி உரிமை உயிர்ப் பிரச்சினை என்பதை இதைவிட வெளிப்படையாக எந்த அறிக்கையும் சொல்லிவிட முடியாது.

ஆகவே என் மதிப்பீட்டை ஒளிக்காமல் சொல்கிறேன். நாட்டுக்கு அநுர முந்தைய பலரைவிட நல்ல அதிபர். மலையகத்துக்கு அவர் இன்னும் வாக்குறுதியாகவே இருக்கிறார். பதவிக் காலம் முடிய 2029 வரை இருக்கிறது, கையில் 159 பேர் இருக்கிறார்கள். ஏழு பேர்ச் காணியை உறுதிப் பத்திரத்தோடு கொடுக்காமல் அவர் அந்த ஆண்டை எட்டினால், மறுபடி வென்றாலும் தோற்றாலும் ஹட்டனில் கொடுத்த சொல்லைக் காப்பாற்றாதவர் என்றுதான் எழுதுவேன்.

உங்கள் பெரியப்பாவிடம் ஒன்று கேட்க வேண்டும், மரியாதையோடு கேளுங்கள். டான்டீ வீட்டில் குடியிருக்கும் உரிமை வேலையோடு முடிந்துவிடும் என்ற கவலை ஓய்வுபெறும்போது அவருக்கு எப்படி இருந்தது? வாழ்நாள் முழுக்கத் தேயிலை வளர்த்தவர் வீட்டுக்காக அலைவதை இந்தக் கரையிலும் பார்த்தவர் அவர். ஹட்டனில் கூரை ஒழுகுகிறது என்று மருமகன் சொல்லும்போது அதை அநுரவுக்கு எதிரான பேச்சாக மட்டும் அவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. அத்தை மகனிடமும் சொல்லுங்கள்: கட்சி தோற்கும் என்ற நம்பிக்கையில் காத்திருந்தால் அடுத்து வருபவரும் இதே லயத்தைத்தான் தருவார்.

பொங்கலிலிருந்து நின்றுபோன பேச்சை நீங்களே தொடங்கிவையுங்கள். புயலுக்குப் பிறகு அவர்கள் தோட்டத்தில் எத்தனை குடும்பங்கள் இன்னும் மண் சரியும் இடத்தில் இருக்கின்றன, யாருக்காவது மாற்று நிலம் காட்டினார்களா, கையில் கொடுத்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று விசாரியுங்கள். அவன் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள், இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
கோத்தகிரி