தாதுவைப் பற்றும் சாந்தேட்: வாசகர் கேள்விகள்

சேகரிப்பான் தாதுவின் மேல் எண்ணெய் போலப் படிகிறதா? (பிளஸ் 2 மாணவி, தேவகோட்டை)

நுரைமிதப்பு முறையில் அரைத்த தாதுவைத் தண்ணீரில் கலந்து காற்றை ஊதுவார்கள்; தாதுத் துகள் குமிழோடு ஒட்டி மேலே மிதக்க, மணல் அடியில் தங்கும். துகளைக் குமிழோடு ஒட்டவைக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்தான் சேகரிப்பான்; சாந்தேட் அதில் ஒரு வகை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பரவாது, குன்றிமணியாகத் திரண்டு நிற்கும். தாதுத் துகளும் இப்படித் தண்ணீரை ஒதுக்க வேண்டும். ஆனால் தரையில் எண்ணெய் வெறுமனே படிகிறது. சாந்தேட் கலீனா என்ற ஈயத் தாதுவை வேதிப்பிணைப்பால் பற்றுகிறது. அதன் கந்தக முனை ஈயத்தைப் பிடித்துக்கொள்ள, ஹைட்ரோகார்பன் வால் தண்ணீர்ப் பக்கம் நீட்டி நிற்கும். அந்த வாலால்தான் காற்றுக்குமிழ் துகளோடு ஒட்டுகிறது. மணலில் அப்படிப் பிடிக்க ஈயம் போன்ற உலோகம் இல்லை. அது அடியிலேயே தங்கிவிடும்.

காற்றை ஊதுவது குமிழுக்காக மட்டும்தானா? (காரைக்குடி)

மட்டுமல்ல. பாடநூல்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பெரிய வருத்தம். 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இயங்கும் உங்கள் ஊருக்கு இந்தப் பதில் எளிதில் விளங்கும். கலீனா, பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது) போன்றவை மின்சாரத்தைக் கடத்தும். துகளின் ஓரிடத்தில் சாந்தேட் எலக்ட்ரானை விட்டுக்கொடுத்து ஒட்டுகிறது. அந்த எலக்ட்ரானை இன்னோரிடத்தில் ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. இரும்புக் கதவு துருப்பிடிக்கும்போதும் இதே கொடுக்கல் வாங்கல்தான். ஆக்சிஜனை நிறுத்தினால் சாந்தேட் பற்றுவதும் தளர்ந்துவிடும்.

பைரைட்டில் கதை சற்று மாறும். இரண்டு சாந்தேட்டுகள் இணைந்து டைசாந்தோஜன் என்ற எண்ணெய்ப் பொருளாகி மேற்பரப்பில் படியும். தேவகோட்டை மாணவி நினைத்தது இந்தத் தாதுவுக்குப் பொருந்தும். பைரைட் மிதக்க வேண்டாமென்றால் சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்துவார்கள். அப்போது மேற்பரப்பை இரும்பு ஹைட்ராக்சைடு மூடிக்கொள்ளும்.

துத்தநாகத் தாது ஏன் எளிதில் மிதப்பதில்லை? (கண்டனூர்)

துத்தநாக சாந்தேட் தண்ணீரில் ஓரளவு கரைந்துவிடும், பிடி நிலைக்காது. அதனால் முதலில் மயில்துத்தம் (தாமிர சல்பேட்) சேர்ப்பார்கள். மேற்பரப்பில் துத்தநாகம் வெளியேறி அந்த இடத்தில் தாமிரம் அமரும். தாமிரத்தைச் சாந்தேட் இறுகப் பற்றும்.

பள்ளிக் கண்காட்சிக்குச் சாந்தேட் எங்கே வாங்கலாம்? (ஆசிரியர், பள்ளத்தூர்)

தயவுசெய்து வாங்காதீர்கள். ஈரம் பட்டால் சிதைந்து கார்பன் டைசல்பைடு வெளிவரும்; அது நச்சு, சட்டெனத் தீப்பற்றும். நம் சிவகங்கை மாவட்டத்திலேயே கிடைக்கும் கிராஃபைட் போதும். அது இயல்பாகவே தண்ணீரை ஒதுக்கும், சாந்தேட் தேவையில்லை. கண்ணாடிக் குப்பியில் கிராஃபைட் தூளும் மணலும் தண்ணீரும் இட்டு, நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு விட்டு, மூடி நன்றாகக் குலுக்குங்கள். கறுத்த நுரை மேலே ஏறும். மணல் அடியில் வெளுத்துக் கிடக்கும்.