169.254 என்று காட்டினால் மதர்போர்டு போச்சு என்று அர்த்தமில்லை

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மோடத்தோடு கேபிளில் இணைத்த என் டெஸ்க்டாப்பில் 15 நாளாக இண்டர்நெட் வரவில்லை. அதே மோடத்தின் வைஃபையில் போன் நன்றாக ஓடுகிறது. கம்பெனி ஆள் வந்து, "உங்க கம்ப்யூட்டர்லதான் பிரச்சினை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடைக்காரர் 169.254 என்று தொடங்கும் ஒரு எண்ணைக் காட்டி, மதர்போர்டு போய்விட்டது, 6,500 ரூபாய் ஆகும் என்கிறார். கொடுத்து மாற்றிவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. கம்ப்யூட்டரைக் கடைக்கும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முதலில் அந்த எண் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிய பிறகுதானே டாக்டரைப் பார்க்க முடியும்? அதேபோல உங்கள் கம்ப்யூட்டரும் ஆன் ஆனவுடன் மோடத்திடம் ஒரு முகவரி எண் கேட்கும். மோடம் கொடுக்கும் எண் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். இப்படிக் கேட்டு வாங்கும் முறைக்குப் பெயர் டிஎச்சிபி. கேட்டும் பதில் வராவிட்டால், ஏறக்குறைய ஒரு நிமிடம் பார்த்துவிட்டு விண்டோஸ் தனக்குத்தானே ஒரு தற்காலிக எண் போட்டுக்கொள்ளும். அதுதான் 169.254. விண்டோஸ் 98 காலத்திலிருந்து இருக்கிற ஏற்பாடு இது. "நான் கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை" என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேபிளே செருகாத மாதிரி இருந்தால் விண்டோஸ் "நாட் கனெக்டட்" என்றுதான் காட்டும். 169.254 வந்திருக்கிறது என்றால், மறுமுனையில் ஏதோ இருக்கிறது என்று உங்கள் லேன் போர்ட் (கம்ப்யூட்டரில் கேபிள் செருகும் துளை) உணர்ந்திருக்கிறது. உயிரோடு இருக்கும் போர்ட்டைக் காட்டி மதர்போர்டு செத்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

காசு செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் ஒயரால் கம்ப்யூட்டரில் இணைத்து, செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். போனில் வரும் இண்டர்நெட்டை ஒயர் வழியே கம்ப்யூட்டருக்குக் கொடுப்பதுதான் அது. (சார்ஜ் மட்டும் ஏற்றும் ஒயர் இதற்கு ஆகாது.) இண்டர்நெட் வந்துவிட்டால், முகவரி கேட்டு வாங்கும் வேலையை விண்டோஸ் சரியாகச் செய்கிறது என்று பொருள். கோளாறு பெரும்பாலும் கேபிளிலோ, இரண்டு பக்கத்துப் போர்ட்டிலோ இருக்கும். வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் விண்டோஸுக்குள். காலாவதியான ஆன்டிவைரஸ், "கம்ப்யூட்டர் வேகமாகும்" என்று நம்பிப் போட்ட சாஃப்ட்வேர் இரண்டையும் எடுத்துவிட்டு, நெட்வொர்க் ரீசெட் செய்து ரீஸ்டார்ட் பண்ணுங்கள்.

கேபிள் பக்கம் என்று தெரிந்தால், மோடத்தின் பின்பக்கம் பாருங்கள். லேன் என்று எழுதிய துளைகள் வரிசையாக இருக்கும். சில மோடங்களில் வான் (WAN) என்று தனியாக ஒரு துளை, பெரும்பாலும் வேறு நிறத்தில். வெளியிலிருந்து வரும் இணைப்புக்கானது அது. அதில் செருகினால் விளக்கு எரியும், முகவரி மட்டும் வராது. சில மோடங்களில் ஒரு லேன் துளையையே டிவி பெட்டிக்கென்று ஒதுக்கியிருப்பார்கள். வேறு லேன் துளைக்கு மாற்றிப் பாருங்கள். பிறகு பக்கத்து வீட்டில் ஒரு கேபிள் இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

போன மழைக்காலத்தில் முருகேஷ்பாளையாவில் ஒரு வீட்டுக்குப் போனேன். புது மதர்போர்டு போட்டும் அதே 169.254. குனிந்து பார்த்தால், கேபிள் முனையில் "க்ளிக்" என்று மாட்டும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தது. பெருக்கும்போது மேசையை நகர்த்தியதில் போயிருக்க வேண்டும். விரலால் அழுத்திப் பிடித்தேன், 192.168 வந்தது. விட்டேன், விளக்கு துடித்தது, எண் போய்விட்டது. ஒரு பிளக் மாற்ற வேண்டிய இடத்தில் அந்தக் குடும்பம் ஆயிரக்கணக்கில் கொடுத்திருக்கிறது. கடைக்காரர் பழைய போர்டைக்கூடத் திருப்பித் தரவில்லை. இதைவிட மோசம், "பார்மட் பண்ணினா சரியாயிடும்" என்று சொல்லி, கேட்காமலே எல்லாவற்றையும் அழிப்பவர்கள். உங்கள் பாடக் குறிப்புகளையும் பிள்ளைகளின் பயிற்சிகளையும் முதலில் ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

கேபிள், போர்ட், விண்டோஸ் எல்லாம் சரியாக இருந்தும் 169.254 வரும் ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். இன்னும் சில பகுதிகளில் லோக்கல் கேபிள்காரர் மோடம் இல்லாமல் கேபிளை நேரே கம்ப்யூட்டரில் செருகிவிட்டுப் போவார். அங்கே உங்கள் லேன் கார்டின் மேக் எண்ணை, அதாவது ஒவ்வொரு கார்டுக்கும் இருக்கும் தனி அடையாள எண்ணை, கம்பெனி தன் கணக்கில் குறித்து வைத்திருக்கும். அந்த எண்ணிலிருந்து கேட்டால்தான் முகவரி கொடுக்கும். மதர்போர்டையோ கார்டையோ மாற்றினால் எண்ணும் மாறிவிடும், கம்பெனி பதில் சொல்லாது. பணம் கட்டி மாற்றிய பிறகும் அதே 169.254! கடைக்காரர் கம்பெனியைக் கை காட்டுவார், கம்பெனி கடைக்காரரைக் கை காட்டும். போன் செய்து "மேக் பைண்டிங்கை ரீசெட் பண்ணுங்க" என்று கேட்டால் சில நிமிட வேலை. சொந்தமாகப் புது ரவுட்டர் வாங்கி மாட்டுபவர்களுக்கும் இதே கதை நேரும். பிரச்சினை இதுதான் என்று வாடிக்கையாளரே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கம்பெனி ஆள் வந்தபோது தன் லேப்டாப்பை அதே கேபிளில் செருகிப் பார்த்தாரா? இரண்டு நிமிடத்தில் யார் பக்கம் கோளாறு என்று தெரிந்திருக்கும். வைஃபை ஓடுகிறதா, புகார் முடிந்தது என்று எழுதிவிட்டுப் போவதுதான் வழக்கமாகிவிட்டது. மறுபடி புகார் செய்யுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ம் ஆண்டு விதிப்படி ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் (புகார் பதிவு எண்) தர வேண்டும். தீர்வு திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. கஸ்டமர் கேர் எண்ணை பில்லைப் பார்த்து எடுங்கள். கூகுளில் தேடி எடுத்த எண்ணில் பேசுகிறவர், கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆப் போடச் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள்.

நல்ல கேபிள் போட்டும், எந்த லேன் துளைக்கு மாற்றியும் முகவரி வரவில்லை, டெதரிங்கில் மட்டும் வருகிறது என்றால், கேபிளை உணர்ந்தாலும் உங்கள் கம்ப்யூட்டரின் போர்ட் அரைகுறையாகக் கெட்டிருக்கலாம். ஏப்ரல், மே மாத இடி மின்னலில் இப்படி நடப்பதுண்டு. அப்போதும் மதர்போர்டு வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் யுஎஸ்பி லேன் அடாப்டர் (யுஎஸ்பி துளையில் செருகும் தனி லேன் போர்ட்) என்று கேளுங்கள், சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

அதுவரை வகுப்பை நிறுத்தாதீர்கள். போனை வைஃபையில் வைத்துக்கொண்டே டெதரிங் போட்டால், பெரும்பாலான போன்களில் மொபைல் டேட்டாகூடச் செலவாகாது. இன்று மாலையே பிள்ளைகளைக் கூப்பிட்டுவிடலாம்.