எத்தனை முறை வாசித்தாலும் பாடம் மனதில் நிற்பதில்லை. கல்லூரிப் புத்தகத்தை எப்படித்தான் வாசிப்பது?

கேட்டவர் மொரீஷியஸில் முதலாண்டு மாணவி. ஒரு அத்தியாயத்தை மூன்று முறை வாசித்தும் பரீட்சையில் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்கிறார். ரோஸ் ஹில்லில் பல வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நான்காவது முறை வாசிக்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, வாசித்ததை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதையும் வீட்டில் பேசும் கிரியோலில் சொல்லுங்கள்.

ஏன் கிரியோல்? மொரீஷியஸில் நமக்கு வீட்டில் கிரியோல், செய்தித்தாள் பிரெஞ்சில், பாடம் ஆங்கிலத்தில். ஆங்கில வாக்கியத்தைப் புரியாமலேயே ஒப்பித்துவிடலாம். பள்ளி இறுதித் தேர்வான எச்எஸ்சி வரைக்கும் டியூஷன் நோட்ஸும் பழைய கேள்வித்தாள்களும் கைகொடுக்கும். ரெதுயியில் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் 30 பக்கக் கட்டுரையைக் கையில் கொடுத்து, நீ என்ன நினைக்கிறாய் என்பார்கள். கிரியோலில் சொல்லும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறீர்களோ, அந்த இடம் இன்னும் புரியவில்லை. அந்தப் பத்திக்கு மட்டும் திரும்பிப் போனால் போதும்.

வாசிக்கத் தொடங்கும் முன் தலைப்பைக் கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள். பொருளியல் பாடத்தில் 'ஐரோப்பாவுக்குச் சர்க்கரை ஏற்றுமதி' என்று ஒரு தலைப்பு இருந்தால், 'நமக்கு நல்ல விலை ஏன் கிடைத்தது, பிறகு ஏன் போனது?' என்று கேளுங்கள். 1975இல் ஐரோப்பிய நாடுகளோடு செய்துகொண்ட லோமே ஒப்பந்தத்தோடு வந்த சர்க்கரை உடன்பாட்டில் மொரீஷியஸுக்கு வருடத்துக்குச் சுமார் 5 லட்சம் டன் ஒதுக்கீடு, உத்தரவாத விலை. 2006இல் ஐரோப்பா தொடங்கிய சர்க்கரைச் சீர்திருத்தத்தில் அந்த விலையை 36 சதவீதம் குறைத்தார்கள். 2009இல் உடன்பாடே முடிந்துபோனது. மஞ்சள் மார்க்கரோடு உட்காருபவர் இந்த எண்களைத்தான் பூசுவார். கேள்வியோடு உட்காருபவர் காரணத்தைத் தேடுவார்: ஐரோப்பா தன் சொந்த விவசாயிகளுக்கு வைத்த விலையோடுதான் நம் விலையும் கட்டப்பட்டிருந்தது. அங்கே இறங்கியதும் இங்கேயும் இறங்கியது. அதை ஓரத்தில் பென்சிலால் உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். நூலகப் புத்தகமென்றால் சின்னத் துண்டுச்சீட்டில்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. முதலில் மேலோட்டமாகப் பார், கேள்வி கேள், வாசி, சொல்லிப் பார், திரும்பிப் பார் என்ற முறையை அமெரிக்காவில் பிரான்சிஸ் ராபின்சன் என்ற உளவியலாளர் 1946இலேயே வகுத்துக் கொடுத்தார். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, இரண்டு முறை வாசித்தவர்கள் பாடத்தில் 81 சதவீதத்தைச் சொன்னார்கள். ஒருமுறை வாசித்து, பார்க்காமல் எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: இரண்டு முறை வாசித்தவர்கள் 42, பார்க்காமல் எழுதியவர்கள் 56. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதும், பரீட்சை நாளில் கைவிடுவதும் இதனால்தான்.

கணக்கு, இயற்பியல் படிப்பவர்கள் உதாரணக் கணக்கின் விடையைத் தாளால் மறைத்துவிட்டுத் தாங்களே போட்டுப் பார்க்கவேண்டும். விடையைப் பார்த்துத் தலையாட்டுவது வாசிப்பே ஆகாது.

அப்புறம், இதற்கென்று தனி நேரம் வேண்டாம். ரோஸ் ஹில்லிலிருந்து ரெதுயிக்கு மெட்ரோவில் போகும்போது, நேற்று வாசித்ததைப் பக்கத்தில் இருக்கும் தோழியிடம் சொல்லுங்கள். அவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, விட்டுப்போனதை மட்டும் கேட்கட்டும். திரும்பி வரும்போது அவர் சொல்ல, நீங்கள் கேளுங்கள்.