குமரிக்குத் தெற்கே மூன்று நாள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

1813-ல் பாஸ்டனுக்கு வெளியே ஷானன், செசபீக் என்ற இரு ஃபிரிகேட்டுகள் (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்கள்) மோதிய சண்டை கால் மணி நேரத்தில் முடிந்தது என்று எழுதியிருந்தீர்கள். ஒண்டிக்கு ஒண்டி நின்ற கப்பல் சண்டைகள் எல்லாமே இப்படித்தானா? நம் பக்கத்துக் கடலில் அப்படி ஏதும் நடந்ததுண்டா?

க., தூத்துக்குடி

அன்புள்ள க.,

உண்டு. ஏறக்குறைய உங்கள் ஊர்க் கடலிலேயே. ஆனால் அது மூன்று நாள் இழுத்தது.

1808 மார்ச் 6. இலங்கையிலிருந்து பம்பாய்க்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஃபிரிகேட் சான் ஃபியோரென்சோ, குமரிக்குத் தெற்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் மூன்று வணிகக் கப்பல்களைக் கடந்தது. சற்று நேரத்தில் பிரெஞ்சு ஃபிரிகேட் பியெமோந்தேஸ் கண்ணில் பட்டது. (வேடிக்கை என்னவென்றால் சான் ஃபியோரென்சோவும் பிரெஞ்சுக்காரர் கட்டியதுதான். 1794-ல் கார்சிகாத் தீவின் சான் ஃபியோரென்சோவில் மூழ்கடிக்கப்பட்டுக் கிடந்ததைத் தூக்கியெடுத்து, அந்த ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள்.)

அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் சில நிமிடம் சுட்டுக்கொண்டார்கள். மறுநாள் காலை ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பிரெஞ்சுக்காரர் பாயையும் கயிற்றையும் பார்த்துச் சுடுவார்கள். எதிரி நொண்டியாகிவிட்டால் நினைத்தபோது விலகிப் போகலாம். பிரிட்டிஷார் கப்பலின் உடம்பைப் பார்த்துச் சுடுவார்கள், ஆட்களும் பீரங்கிகளும் இருப்பது அங்கேதான். அன்று பிரெஞ்சுக் கணக்கு பலித்தது. சான் ஃபியோரென்சோவின் கயிறுகள் அறுந்து தொங்க, பியெமோந்தேஸ் பாய் விரித்துப் போய்விட்டது.

கேப்டன் ஹார்டிங் விடவில்லை. அறுந்ததை முடிந்து, கிழிந்ததை மாற்றிக்கொண்டு பின்னாலேயே போனார். என்னைக் கேட்டால் சண்டையைத் தீர்த்தது அந்தக் கயிற்று வேலைதான். பீரங்கிக்கு அதன் பிறகுதான் இடம்.

8-ம் தேதி மாலை மீண்டும் நெருங்கினார்கள். இரண்டாம் சுற்றிலேயே சிதறுகுண்டு பட்டு ஹார்டிங் இறந்தார். வயது 26. லெப்டினன்ட் டாசன் பொறுப்பேற்றார். ஒன்றரை மணி நேரத்துக்குள் பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டது. ஹார்டிங்கின் தம்பி ஹென்றி பின்னாளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரல்.

பியெமோந்தேஸில் பிரெஞ்சுக்காரர்கள் போக, பாய் வேலைக்கென்று சுமார் 200 லஸ்கர்களும் (ஆசிய மாலுமிகள்) இருந்தார்கள். இரண்டு ராஜாக்களின் சண்டையில் கயிறு இழுத்தவர்கள்.

குண்டு துளைத்திருந்த பியெமோந்தேஸின் மூன்று பாய்மரங்களும் கொடி இறங்கும்வரை எப்படியோ நின்றன. அன்றிரவே சாய்ந்துவிட்டன. மொட்டையாகத்தான் கொழும்பு போய்ச் சேர்ந்தது.