ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் ஐந்தாண்டுத் திட்டம்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

அமெரிக்காவில் அரசுப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் கேட்ட கேள்விகள் இவை. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு. டிஸ்ட்ரிக்டின் திட்டக் குழுவிலும் பட்ஜெட் ஆலோசனைக் குழுவிலும் பெற்றோர் தரப்பில் பல காலம் உட்கார்ந்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். மாறும் இடங்களில் மாநிலத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, எங்கள் டிஸ்ட்ரிக்ட் தன் ஐந்தாண்டுத் திட்டத்தை 40 பக்கத்துக்கு ஒரு ஸ்ட்ராட்டஜிக் பிளானாக அனுப்பியிருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் சிரிக்கும் குழந்தைகள். இதில் எதைப் படிப்பது?

முதல் பத்துப் பக்கத்தைத் தாராளமாகத் தள்ளிவிடுங்கள். விஷன், மிஷன் எல்லாம் எந்த ஊர்த் திட்டத்திலும் கிட்டத்தட்ட ஒரே வாசகம்தான். இலக்குகள் இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். 'எல்லா மாணவர்களும் சிறந்த வாசகர்களாக மலர்வார்கள்' என்று இருந்தால் அது ஆசை. 'மூன்றாம் வகுப்பு முடிவில் வகுப்புக்குரிய வாசிப்புத் திறனை எட்டியவர்கள் இப்போது 52 சதவீதம். 2029 ஜூனுக்குள் 65' என்று இருந்தால் அது இலக்கு. யாருக்கு, இப்போது எவ்வளவு, எப்போதைக்குள் எவ்வளவு, யார் பொறுப்பு: இந்த நான்கில் ஒன்று விடுபட்டாலும் மூன்று வருடம் கழித்து யாரையும் கேள்வி கேட்க முடியாது.

அப்புறம் அதே வருடத்து பட்ஜெட்டைப் பக்கத்தில் விரித்து வையுங்கள். வாசிப்புதான் முதல் இலக்கு என்று எழுதிவிட்டு, வாசிப்புப் பயிற்சியாளர் பணியிடங்களைப் பாதியாக வெட்டியிருந்தால், எதை நம்புவது? நான் பட்ஜெட்டைத்தான் நம்புவேன்.

இலக்கு பெரிதாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு நாடே ஒரு முறை சாட்சியாக இருந்தது. 2002-இல் வந்த 'நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்' சட்டம், 2014-க்குள் நூற்றுக்கு நூறு மாணவர்களும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்றது. எந்த மாநிலமும் எட்டவில்லை. 2015 டிசம்பரில் வேறு சட்டம் கொண்டுவந்து, இலக்கு வைக்கும் வேலையைப் பெரும்பாலும் மாநிலங்களிடமே விட்டுவிட்டார்கள்.

புது ஜிம்னேசியம் கட்டப் பணம் இருக்கிறது, டீச்சர்களை மட்டும் லே-ஆஃப் செய்கிறார்கள். இது என்ன கணக்கு?

ஒவ்வொரு வருடமும் யாராவது கோபமாகக் கேட்கும் கேள்வி. கோபம் நியாயம்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு பை. ஜிம் கட்டுவது பாண்ட் பணத்தில், அதாவது வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்து, கட்டடத்துக்கென்றே வாங்கிய கடன். டீச்சர் சம்பளம் போவது அன்றாடச் செலவுக் கணக்கில். வீடு வாங்க பேங்க் கொடுத்த கடனில் மாத மளிகை வாங்க முடியாதல்லவா, அப்படித்தான். கலிபோர்னியாவில் பள்ளி பாண்ட் நிறைவேற 55 சதவீத வாக்கு போதும் என்று 2000-இல் மக்கள் வாக்கெடுப்பில் ப்ரொபோசிஷன் 39 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பணத்தை ஆசிரியர், நிர்வாகிகள் சம்பளத்துக்குத் தொடக்கூடாது, மக்கள் கண்காணிப்புக் குழு வைக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் அதோடு சேர்ந்தே வந்தன. வாஷிங்டன் மாநிலத்தில் பாண்டுக்கு 60 சதவீதம் வேண்டும். அன்றாடச் செலவுக்கான லெவி எனும் கூடுதல் சொத்து வரிக்குப் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும். டெக்சாஸில் உங்கள் சொத்து வரி ரசீதிலேயே அன்றாடச் செலவுக்கான விகிதமும் பாண்ட் கடனுக்கான விகிதமும் தனித்தனியாக இருக்கும்.

நியாயமாகக் கேட்க வேண்டியது வேறு. புதுக் கட்டடம் திறந்த பிறகு அதற்கான மின்சாரம், ஏசி பராமரிப்பு, துப்புரவுப் பணியாளர் சம்பளம் எல்லாம் அன்றாடக் கணக்கிலிருந்துதான் போகும். அந்தத் தொகையைத் திட்டத்தில் காட்டியிருக்கிறார்களா? பெரும்பாலும் காட்டுவதில்லை. கடனை அடைக்க இருபது, முப்பது வருடம் ஆகும். இந்தக் கட்டடத்துக்கு ஓட்டுப் போடுபவர்களில் பலரின் பிள்ளைகள் கல்லூரி முடித்திருப்பார்கள், கடன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் எலிமெண்டரி ஸ்கூலை மூடப்போகிறார்களாம். 'மாணவர் எண்ணிக்கை குறையும்' என்கிறார்கள். தெருவெல்லாம் குழந்தைகள் இருக்கிறார்களே, இந்த எண் எங்கிருந்து வருகிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பள்ளியை மூடுவது, எல்லையை மாற்றுவது, ஆள் குறைப்பது எல்லாமே இந்த ஒரு கணக்கில்தான் நிற்கின்றன.

வழக்கமான முறைக்கு கோஹார்ட் சர்வைவல் என்று பெயர். போன வருடம் முதல் வகுப்பில் 200 பேர், இந்த வருடம் இரண்டாம் வகுப்பில் 206 பேர் என்றால் விகிதம் 1.03. வெளியேறியவர்கள் போக, ஆறு பேர் கூடியிருக்கிறார்கள் என்று பொருள். இப்படி ஒவ்வொரு வகுப்புக்கும் சில வருடங்களின் சராசரியை எடுத்து முன்னோக்கி நகர்த்திக்கொண்டே போவார்கள். கிண்டர்கார்டனுக்கு மட்டும் முந்தைய வகுப்பு கிடையாது. அதனால் ஐந்து வருடத்துக்கு முன் அந்தக் கவுண்டியில் (மாநிலத்துக்குள் இருக்கும் நிர்வாகப் பகுதி) எத்தனை குழந்தைகள் பிறந்தன என்று பார்ப்பார்கள். அமெரிக்காவில் பிறப்புகள் உச்சத்தில் இருந்தது 2007-இல், சுமார் 43 லட்சம். 2023-இல் சுமார் 36 லட்சம். ஆகவே 'குறையும்' என்பதை டிஸ்ட்ரிக்டின் சாக்கு என்று தள்ளிவிட முடியாது.

இந்த முறையின் பலவீனம், நேற்று நடந்ததே நாளையும் நடக்கும் என்று நம்புவது. புது அபார்ட்மெண்ட் வருகிறதா, ஒரு வீட்டுக்கு எத்தனை மாணவர் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள், சார்ட்டர் பள்ளிக்கும் (அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தில் நடப்பது) தனியார் பள்ளிக்கும் போனவர்கள் திரும்புவார்கள் என்று எண்ணுகிறார்களா, இவற்றைக் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: டிஸ்ட்ரிக்டுக்காக இந்தக் கணிப்பைப் போட்ட ஆலோசகர் ஐந்து வருடத்துக்கு முன் சொன்ன எண் என்ன, இன்று வகுப்பில் உட்கார்ந்திருப்பது எத்தனை பேர்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வருடக் கணிப்பு ஓரளவு சரியாகவே இருக்கும். பத்து வருடக் கணிப்பை வைத்து ஒரு கட்டடத்தை விற்றுவிட்டால் திரும்ப வாங்க முடியாது. வாடகைக்கு விடலாமே என்று நான் எப்போதும் சொல்வேன்.

மூடுவதால் மிச்சமாவதும் நினைத்த அளவுக்கு இருக்காது. டிஸ்ட்ரிக்ட் செலவில் பெரும்பகுதி சம்பளமும் சலுகைகளும்தான். பிள்ளைகள் எங்கே போகிறார்களோ டீச்சர்களும் பெரும்பாலும் அங்கேயே போவார்கள். மிச்சமாவது பிரின்சிபல், அலுவலகம், கட்டடப் பராமரிப்பு ஆகிய செலவுகள்தான். சிகாகோ 2013-இல் ஒரே வீச்சில் சுமார் 50 பள்ளிகளை மூடியது. பின்னர் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது, மதிப்பெண் அதிகம் சரிந்தது மூடல் அறிவிப்பு வந்த அந்த வருடத்தில்தான். எனவே மூடித்தான் ஆக வேண்டும் என்றால், முடிவெடுத்த விதமும் சொன்ன நேரமும் திட்டத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும்.

கோவிட் சமயத்தில் வந்த டியூட்டர்கள் எல்லாம் எங்கே?

அவர்களுக்குச் சம்பளம் பெரும்பாலும் கோவிட் நிவாரணப் பணத்திலிருந்து போனது. மத்திய அரசு பள்ளிகளுக்கு மூன்று தவணையாகக் கிட்டத்தட்ட 190 பில்லியன் டாலர் கொடுத்தது. கடைசித் தவணையை 2024 செப்டம்பர் 30-க்குள் ஒதுக்கி முடிக்க வேண்டும் என்பது விதி. ஒரு முறை வரும் பணத்தில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்த டிஸ்ட்ரிக்டுகள் அதற்குப் பிறகு தடுமாறின.

புது சூப்பரின்டென்டன்ட் வந்தால் பழைய திட்டம் குப்பைதானா?

பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது, நடக்கக்கூடாது. திட்டத்தை நிறைவேற்றித் தருவதற்கு, பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஸ்கூல் போர்டு வேலைக்கு வைத்திருக்கும் தலைமை நிர்வாகிதான் சூப்பரின்டென்டன்ட். அவருடைய வருடாந்திர மதிப்பீட்டில் திட்டத்தின் இலக்குகளே அளவுகோலாக இருந்தால், ஆள் மாறினாலும் திட்டம் நிற்கும். புதியவரை நேர்காணல் செய்யும்போதே போர்டு இதைப் பேசிவிட வேண்டும்.

எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ராவை நீக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இதெல்லாம் திட்டத்தில் வருமா அக்கா?

வரும், ஆனால் 'சம வாய்ப்பு' என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியாக வரும். சான் ஃபிரான்சிஸ்கோ 2014-இல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை நிறுத்தியது. நோக்கத்தில் தப்பில்லை, பின்தங்கிய பிள்ளைகள் சின்ன வயதிலேயே கீழ்ப் பிரிவில் மாட்டிக்கொள்ளக்கூடாது என்றார்கள். பத்து வருடம் கழித்து, 2024-இல், போர்டே திரும்பக் கொண்டுவர வாக்களித்தது. இடைப்பட்ட காலத்தில் வசதியுள்ள வீடுகள் வெளியே பணம் கட்டிப் படிக்க வைத்தன. நம் ஆட்களும் அதைத்தான் செய்கிறோம், பிறகு 'டிஸ்ட்ரிக்ட் நன்றாகத்தானே இருக்கிறது' என்கிறோம். டியூஷன் சென்டர் தூக்கி நிறுத்திய மதிப்பெண்ணை வைத்து டிஸ்ட்ரிக்டை எடை போடாதீர்கள்.

நான் மதிப்பெண்ணுக்கு முன் வருகைப் பதிவைப் பார்ப்பேன். பள்ளி நாட்களில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ வராதவர்களைத் தொடர் வராமை என்ற கணக்கில் சேர்ப்பார்கள்; 180 நாள் பள்ளியில் அது 18 நாள். ஜூன் தேர்வு முடிவு வருவதற்குள் வருடமே முடிந்துவிடும். வருகைப் பதிவு அக்டோபரிலேயே சொல்லிவிடும்.

நாங்கள் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம். ஓட்டு இல்லை. எங்கள் பேச்சு எடுபடுமா?

ஓட்டு இல்லாவிட்டாலும் கூட்டத்தில் பேசலாம், பெரும்பாலான ஆலோசனைக் குழுக்களிலும் சேரலாம். அங்கே யாரும் விசா கேட்பதில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டு தேர்தலில் வாக்களிக்க 2016-இல் வழி செய்தார்கள், ஆனால் அது விதிவிலக்கு.

நேரம்தான் முக்கியம். பெரும்பாலான மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கும். கலிபோர்னியாவில் எல்கேப் எனும் மூன்றாண்டுத் திட்டத்தையும் வருடாவருடம் அதே தேதிக்குள் ஏற்க வேண்டும். ஜூன் கூட்டத்துக்கு முப்பது பேரைத் திரட்டிக்கொண்டு போனால் கைதட்டல் கிடைக்கும். பட்ஜெட் அதற்குள் கட்டி முடிந்திருக்கும். நவம்பர், டிசம்பரில், மாணவர் எண்ணிக்கை அறிக்கை வரும் கூட்டத்துக்கு இரண்டு பேர் போங்கள். பேசக் கொடுப்பது இரண்டு அல்லது மூன்று நிமிடம்தான். 'வாசிப்பு இலக்குக்கு இந்த வருடம் எத்தனை பணியிடம், எந்தக் கணக்கிலிருந்து சம்பளம், அடுத்த வருடமும் அந்தப் பணம் இருக்குமா?' என்று மட்டும் கேளுங்கள். மேடையில் பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டார்கள், அதனால் அதே கேள்வியை அன்றிரவே போர்டு செயலருக்கு மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.